கொக்குகளுக்குக் கொடுத்த சீதனக் காணி

இன்று காற்று கடலேரிப் பக்கமிருந்து அடித்தது. வெறும் சேற்று மணந்தான் வந்தது. முன்பெல்லாம் அதோடு கொக்கு எச்சத்தின் நாற்றமும் சேர்ந்து வந்து என் சாப்பாட்டைக் கெடுக்கும். நான் முகம் சுளித்தால் உனக்குச் சிரிப்பு வரும். "மருமக்கள் வந்திருக்கினம், கொஞ்சம் பொறுங்கோ" என்பாய். பிள்ளைகள் இல்லாத வீட்டில் நீ கொக்குகளோடு உறவு கொண்டாடினாய்.

தொண்டைமானாற்றில் உனக்குச் சீதனமாக வந்த அந்தக் காணியில் நெல்லும் விளையாது, தென்னையும் நிற்காது. உப்பு நிலம், கரை முழுக்கக் கண்டல் மரங்கள். வேலிக்கு அப்பால் அரசாங்கம் காவற்காடாக ஒதுக்கிய நிலம். எண்பத்தைந்தில் என்று நினைக்கிறேன், உன் காணியையும் அந்தக் காட்டோடு சேர்க்கச் சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்குப் போனாய். அங்கிருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார்.

"காணி கேட்டு அழுற சனத்தைத்தான் கண்டிருக்கிறன். குடுக்க வந்த ஆள் நீங்கள்தான்."

"கொக்குகள் எல்லைக்கல்லைப் பாத்தே ஐயா கூடு கட்டுதுகள்?" என்றாய்.

அவர் சிரித்துவிட்டு, கொழும்புக்கு எழுதுவதாகச் சொன்னார். நாட்டில் சண்டை முற்றியது, பதில் வரவில்லை. நீ காத்திருக்கவில்லை. இடையிலிருந்த வேலியை நீயே பிடுங்கிப் போட்டாய். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. மனைவியை அடக்கத் தெரியாதவன் என்று உன் அண்ணை என்னோடு கோபித்துக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பெருமைதான். அதை உன்னிடம் சொன்னதில்லை.

மண்ணெண்ணெய் இல்லாமல் போன காலத்தில், விறகு வெட்டக் கத்தியோடு வந்தவர்களை வழியிலேயே மறித்து, வீட்டு வளவில் கிடந்த பனமட்டையையும் ஓலையையும் கொடுத்து அனுப்பினாய். காய்ச்சலில் கிடந்தபோதும் அதே பேச்சு. "நான் இல்லாட்டியும் அது காடாய்க் கிடக்கட்டும், என்ன?" ஓம் என்றேன். மருந்து கிடைக்கவில்லை. நீ போய்விட்டாய்.

உன்னை எரிக்க ஊரில் விறகு இல்லை. உன் அண்ணை கோடரியோடு வந்து நின்றார்.

"அவளின்ரை காணிதானே. கண்டல் பச்சையிலையே பிடிச்சு எரியும். நாலு மரம் போதும்."

"ஏலாது அத்தான். அவளுக்கு ஓம் எண்டிட்டன்."

துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். முற்றத்து மாமரத்தைக் காட்டினேன். அதைத் தறித்தார்கள்.

போன மாரிக்குப் பிறகு, சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து வந்த சனம் கரையோரம் கொட்டில் போட்டது. இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் என்னிடம் வந்தாள்.

"பிள்ளைக்குக் கஞ்சி வைக்க வேணும் ஐயா. அந்தக் கண்டலிலை விறகு வெட்டலாமோ?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. மறிக்காமல் உள்ளே வந்துவிட்டேன். காவற்காடும் மிஞ்சவில்லை, உன் காணியும் மிஞ்சவில்லை. கொக்குகள் சில நாள் சுற்றிப் பறந்துவிட்டு எங்கோ போய்விட்டன.

அந்தத் தாயிடம் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை பசியாறியது. எப்படியும் போகப்போகிற மரங்களில் நாலை உனக்குத் தந்திருக்கலாமே என்றுதான் நெஞ்சு கிடந்து துடிக்கிறது. பச்சை மாவிறகில் நீ எரியவில்லையடி, புகைந்தாய். எல்லோரும் திரும்பிப் பாராமல் போன பிறகும், நான் தனியே நின்று மறுபடி மறுபடி கொள்ளி வைத்தேன். இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.