ஐம்பத்திரண்டாம் நாள் சோளம்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குருத்தோலை கொடுத்தபோது வழக்கம்போல இரண்டு கேட்டு வாங்கிவிட்டேன். பவனி முடிந்து, ஓலையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான், இந்த வருஷம் ஒன்று போதுமே என்று உறைத்தது. திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. ஒன்றை எங்கள் கட்டுத்தறியில் பசு செம்பியின் தலைக்கு மேலே விட்டத்தில் செருகினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு வேலிச் சந்து வழியாக உங்கள் கட்டுத்தறிக்கு வந்தேன். மாடு இல்லை, சாணி வாசம்கூட இல்லை, முளைக்குச்சி மட்டும் நிற்கிறது. தூணில் போன வருஷத்து ஓலை, நீங்கள் போட்ட முடிச்சோடு காய்ந்து தொங்கியது. விபூதிப் புதனுக்கு முன்னால் பழைய ஓலையையெல்லாம் சாம்பலுக்காகக் கோயிலில் சேர்ப்போம். எங்கள் வீட்டு ஓலையைக் கொடுத்தேன். உங்களுடையதை மறந்திருக்கிறேன். எடுத்து ஞாபகமாக என் கையில் கொடுக்க நீங்கள் இல்லையே.

முதல் வருஷம் நான் ஓலையைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கி நீட்டியது நினைவிருக்கிறது. மாகாளியம்மன் திருநீறு பூசிய தூணில் எங்கள் ஓலையைக் கட்டச் சம்மதிப்பீர்களோ என்னவோ என்றுதான் பயம். நீங்கள் வாங்கி முடிச்சுப் போட்டபடியே, "கழுதை மேல வந்த சாமிதான அம்மிணி? மாட்டுக் கட்டுத்தறியில நிக்கறதுக்கெல்லாம் வெக்கப்படமாட்டாரு" என்றீர்கள். அதற்குப் பிறகு எந்தக் குருத்து ஞாயிறும் நான் ஒற்றை ஓலையோடு வந்ததில்லை.

நீங்கள் இருந்தால் முதலில் மழையைத்தான் கேட்பீர்கள். சொல்கிறேன். மாசி பாதியில் ஒரு மழை. நோட்டில் 'முக்கால் உழவு' என்று எழுதியிருக்கிறேன். மண்வெட்டியால் கொத்திப் பார்த்தபோது அவ்வளவுதான் நனைந்திருந்தது. அந்த ஈரத்தை நம்பிக் கீழ்க்காட்டில் தீவனச் சோளம் விதைத்தோம். முளைப்பு நன்றாகத்தான் வந்தது. அதோடு சரி, பங்குனி முழுக்க ஒரு துளி இல்லை. மேல்காட்டை டிராக்டர் விட்டு உழுது வைத்து ஒரு மாதமாகிறது. சித்திரை மழைக்கு விதைக்கலாம் என்று நிலக்கடலையை உரித்தும் வைத்துவிட்டேன். உரித்த விதை எத்தனை நாள் காத்திருக்கும்? முறத்தில் கைவிட்டால் தோல் கையோடு வருகிறது. ஆளியாற்றுத் தண்ணீர் இந்த முறை நம் வாய்க்காலுக்கு எட்டவில்லை. போர்க்கிணறு அரை மணி நேரம் ஓடி, பிறகு காற்றைக் கக்குகிறது. தென்னையில் குரும்பை கொட்டுகிறது. பகல் பதினொரு மணிக்கு மேல் காகம்கூட வெளியே வருவதில்லை. நம் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் அது அடுப்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறது.

ஊரில் பாதிக் கட்டுத்தறி காலி. சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்களின் வரிசை, நான் போய்க்கொண்டிருந்த நாளில் வேப்பமரம் வரைக்கும் நீளும். இப்போது வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறதாம். நான் போய்ப் பல நாளாகிறது. செம்பிக்கு எட்டு மாதச் சினை, பால் வற்றிவிட்டது.

செம்பியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதை எழுதவேண்டுமானால் அதன் தாயைப் பற்றியும் எழுதவேண்டும். ஏழு வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசாமலே விட்ட விஷயம் அது.

அந்த வருஷமும் இதே மாதிரிதான் அக்கா. ஒற்றை மழை, ஒற்றை விதைப்பு, அப்புறம் வானம் வாயை மூடிக்கொண்டது. உங்கள் செவலை கன்று போட்டு இருபது நாள். உங்கள் தட்டுப்போரில் காய்ந்த சோளத்தட்டு தீர்ந்திருந்தது, எங்கள் வீட்டிலும் தீர்ந்திருந்தது. பொள்ளாச்சியில் மருமகளுக்கு வளைகாப்பு என்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். தண்ணீர் காட்டு, தென்னங்கீற்றைக் கிழித்துப் போடு, சாயங்காலம் நான் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

கீற்றைக் கிழித்துப் போட்டேன். செவலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கன்று முட்டி முட்டிக் குடிக்க, அது என்னைப் பார்த்துக் கத்தியது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் சோளம் பச்சையாக நிற்கிறது. எனக்கும் தெரியும், இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். அதனால்தான் வீட்டுக்குள் போய் நோட்டை எடுத்தேன். ஒரு கறவைமாட்டு வகுப்பில் கேட்டதை எழுதி வைத்திருந்தேன்: ஐம்பது நாள் தாண்டினால் பயமில்லை. விதைத்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணினேன். ஐம்பத்திரண்டு. அந்த வகுப்பில் 'தண்ணி நல்லாக் கிடைச்ச பயிருக்கு' என்று சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். கூட வந்தவர்களைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் நாள் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு வந்தவள்.

ஒரு கை நிறைய அறுத்து, உங்கள் மாட்டுக்குத்தான் முதலில் போட்டேன். கன்று உள்ள மாடு முதலில் தின்னட்டும், எங்களுடையது பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டாவது கட்டை அறுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் செவலை முன்னங்காலை மடித்துவிட்டது. உடம்பெல்லாம் நடுக்கம், வாயில் நுரை. வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன், உள்ளே இறங்கவில்லை. டாக்டர் வேறு ஊரில் முகாமில் இருந்தார், ஆள் அனுப்பியும் வர முடியவில்லை. செபமாலையை எடுத்து அதன் கொம்பில் சுற்றினேன். அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, நடுவில் வார்த்தை மறந்துபோனது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அறுத்த இரண்டாவது கட்டு வரப்பிலேயே கிடந்தது. எங்கள் மாடு பிழைத்தது அதனால்தான்.

நாலு மணி பஸ்ஸில் வந்தீர்கள். கையில் வளைகாப்புச் சோற்றுப் பொட்டலம், எனக்காகக் கட்டிக்கொண்டு வந்தது. தொட்டியில் கிடந்த சோளத்தழையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் பொட்டலத்தைத் தூணோரம் வைத்துவிட்டு, குனிந்து, மிச்சத் தழையை ஓர் இலை விடாமல் பொறுக்கிக் குப்பைக்குழியில் போட்டுச் சாணியைத் தள்ளி மூடினீர்கள். அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "வெயிலு தாங்குல" என்று நீங்களே சொன்னீர்கள். அந்த வாரம் ஊரில் வெயிலுக்கு மாடு விழுந்த சேதி நிறைய. ஒருத்தரும் மறு கேள்வி கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "நீ நாளப் பாத்த அம்மிணி, பயிரப் பாக்குல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் அதைச் சொன்ன குரல், மழை வராது என்று சொல்கிற குரல்.

என் நோட்டில் உங்களுக்கும் பாதிப் பக்கம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது என்று வெட்கப்பட்டவர் இல்லை நீங்கள். "உனக்குத்தான் கை சும்மா இருக்காதே, என்னுதையும் எழுதிரு" என்று சினை ஊசி போட்ட நாள், கன்று போட்ட நாள், கறந்த பால் எல்லாம் சொல்லச் சொல்ல எழுதுவேன். நானே ஆறாவதோடு நின்றவள். கோயில் காலண்டரையும் செபப் புத்தகத்தையும் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தவள். தப்பில்லாமல் எழுதுகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். மறுநாள் வந்து செவலை பேருள்ள பக்கத்தைத் தேடச் சொன்னீர்கள். "வெயில்னு போடு" என்றீர்கள். போட்டேன். எழுத்து தெரியாத நீங்கள் அந்த வரிக்கு அடியில் விரலை வைத்து, "இதான?" என்று கேட்டீர்கள். ஆமாங்கக்கா என்றேன். அந்த நோட்டில் இருக்கிற ஒரே பொய் அது. எனக்காக நீங்கள் சொல்லி, என் கையால் எழுதியது.

கன்றை என்னிடமே கொடுத்தீர்கள். வாரத்துக்கு வளர், முதல் ஈத்துக் கன்று எனக்கு, தாய் உனக்கு என்று ஊர் வழக்கத்தில் பேசினீர்கள். தாயைக் கொன்றவளிடம் பிள்ளையை நம்பிக் கொடுத்தது யார் வழக்கம் அக்கா? சீசாவில் பால் கொடுத்து வளர்த்தேன். அதுதான் செம்பி. அதன் முதல் கன்று உங்கள் கட்டுத்தறிக்கு வந்தது. ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் நீங்கள் போனதும் உங்கள் மகன் அதை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, பொள்ளாச்சி வாடகை வீட்டில் மாட்டை எங்கே கட்டுவான்? செவலை வழியில் இப்போது மிச்சம் செம்பியும் அதன் வயிற்றில் இருப்பதும்தான்.

இரண்டு வாரமாகச் செம்பிக்கு வாழைமட்டை, அரசந்தழை, கழுநீர். வைக்கோல் லாரி வருகிற அன்றைக்கே தீர்ந்துபோகிறது. எங்கள் முறை வருவதற்குள் லாரியில் வெறும் சணல் கயிறுதான் கிடக்கிறது. விலா எலும்பைப் படுத்திருக்கும்போதே எண்ணலாம். கீழ்க்காட்டில் சோளம் தொடை உயரம் நிற்கிறது. இலை சுருண்டு, நுனி கருகி, அடியில் மட்டும் பச்சை. கதிர் வாங்கினால்தான் விஷம் இறங்கும், இன்னும் வாங்கவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் செம்பி கயிற்றை இழுக்கிறது.

சோளத்தை அறுக்கலாமா என்று வீட்டுக்காரர் நாலு நாள் கேட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாள் என் நோட்டையே எடுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். "ஏம்புள்ள, நீதான எழுதி வெச்சிருக்கற? அம்பது தாண்டிருச்சே. பச்சையக் கண்ணுல காட்டிக்கிட்டே மாட்டைப் பட்டினி போடறயே, உன்ற சாமிக்கே அடுக்குமா?"

அப்போதுதான் சொன்னேன் அக்கா. ஏழு வருஷத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரைத் தவிர யாரிடமும் சொல்லாததை, கட்டுத்தறியில் சாணிக் கையோடு நின்று சொன்னேன். நீங்கள் தழை பொறுக்கியது, குழியை மூடியது, வெயில் என்று எழுதச் சொன்னது எல்லாம். அவர் வெகுநேரம் செம்பியின் திமிலைத் தடவிக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கடைசியில், "அப்பச் சரி. யாவாரிகிட்டத் திங்கக்கெழம வண்டியக் கொண்டாரச் சொல்லிர்றேன். கண்ணு முன்னால சாகறதுக்கு..." என்று முடிக்காமல் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இதுதான். சோளத்தை அறுத்தால் செத்துப்போகும், அறுக்காவிட்டால் வண்டி ஏறும். வண்டி கிழக்கே திரும்பினால் யாராவது தண்ணீர் உள்ள தோட்டத்தில் கட்டி வளர்ப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மேற்கே, அடிமாட்டுச் சந்தைக்குத் திரும்பினால் நம் ஊரில் ஒருத்தரும் எங்கே என்று கேட்பதில்லை. சினைமாடுங்க, பார்த்துச் செய்யுங்க என்று நான் சொல்லலாம். வியாபாரியும் தலையை ஆட்டுவார்.

நேற்றுப் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையில் முட்டி போட்டபோது மழைக்காக வேண்டவில்லை, திங்கட்கிழமை கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்றுதான் வேண்டினேன். வேண்டிவிட்டு வெட்கமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் ஆனைமலைப் பக்கம் கறுத்துத் திரண்டு வந்தது. முற்றத்தில் நின்று பார்த்தோம். நாலு சொட்டு, புழுதியில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்தது, அவ்வளவுதான். வந்தாலும் என்ன? வாடின சோளம் மழை கண்டு புதிதாகத் துளிர்த்தால் இன்னும் பொல்லாது என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். மழை வந்தாலும் அறுக்க முடியாது, வராவிட்டாலும் அறுக்க முடியாது. இதை எந்தச் சாமியிடம் எப்படி வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் எதையாவது சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

இன்று பெரிய சனி. ஆண்டவரைக் கல்லறையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற நாள். நாளை பாஸ்கு, அவர் உயிர்த்தெழுகிற நாள். திங்கள் வண்டி. மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கட்டுத்தறியில் வந்து உட்கார்ந்தேன். செவலையின் பக்கத்தைத் தேடி எடுத்து, 'வெயில்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே எழுதினேன்: 'நான் அறுத்துப் போட்ட சோளம். ஐம்பத்திரண்டாம் நாள்.' நீங்கள் மறைத்துக் கொடுத்ததை இப்படி வெளியே எடுத்துப் போடுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் செம்பி போய்விட்டால், அதன் தாய் எப்படிப் போனது என்பதாவது எங்காவது சரியாக இருக்கட்டும். அந்த வரிக்கு அடியில் விரலை வைத்தேன். இதானக்கா?

எழுந்து வந்தபோது செம்பி என் கையைத்தான் பார்த்தது. தினமும் காலையில் அரிவாளோடு கீழ்க்காட்டுக்குப் போய், நாளை எண்ணாமல், ஒவ்வொரு தூராகக் குருத்தை விரித்துக் கதிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன். திரும்பும்போதெல்லாம் அது முதலில் கையைத்தான் பார்க்கும், பிறகுதான் முகத்தை. இன்றும் பார்த்தது. பக்கத்தில் போய் நின்றேன். கையை நக்கத் தொடங்கியது, வேர்வை உப்புக்காக. நக்கட்டும் என்று நீட்டிக்கொண்டே நின்றேன்.