வேறு யாரும் செய்து தராத சிப்

காலையில் ஒரு டிவி ரிப்பேர் கடையைக் கடந்தபோது சால்டரிங் புகை மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். ஏனாத்தூர் சாலையில் நீயும் நானும் கம்பெனிக்காக வாடகைக்கு எடுத்திருந்த மாடி முழுக்க அந்த வாசனைதான்.

காது கேட்கும் கருவிக்கான சிப்பை அங்கேதான் வரைந்தோம். வரைவது மட்டுமே நம் வேலை. செய்து கொடுத்தது சிங்கப்பூரில் இருந்த ஓர் ஆலை. அந்த ஆலை விலைபேசப்படுகிறது என்ற செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு நீ நேரே என் மேசைக்கு வந்தாய்.

"வாங்கறவன் மெஷினுக்காக வாங்குறான்பா, நமக்காக இல்ல. இப்பவே வேற எடம் பார்த்து வச்சிக்கணும்."

"நம்ம சிப்ப நிறுத்த மாட்டோம்னு ஆலை மேனேஜர் வாக்கு குடுத்திருக்கார்டா. சும்மா பயப்படாதே" என்றேன்.

அடுத்த கோடையில் ஒரு பக்க ஃபேக்ஸ் வந்தது. ஆலை கைமாறிவிட்டது, பழைய இயந்திரங்களைக் கழற்றி அனுப்புகிறார்கள், இனி நம் சிப் கிடையாது. வாக்குக் கொடுத்த மேனேஜருக்கே வேலை போயிருந்தது. மற்ற ஆலைகளைக் கேட்டோம். நம் வரைபடம் அந்த ஓர் ஆலையின் முறைக்கென்றே போட்டது. வேறிடத்தில் செய்ய முதலிலிருந்து வரைய வேண்டும் என்றார்கள். அதுவரை தாக்குப்பிடிக்க நம்மால் முடியாது.

கம்பெனியை மூடுவதென்று முடிவான அன்று நீ என்னைத் திட்டுவாய் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். நீ என் தோளைத் தொட்டாய்.

"எல்லாரும் நம்ம மூஞ்சியையே பார்த்துக்கினு இருக்காங்க. மொதல்ல இவங்களுக்கு வேலை தேடணும்பா."

பதினோரு பேர். ஒவ்வொருவராகச் சென்னைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி, வேலையில் சேர்த்துவிட்டாய். கடைசியாகத்தான் உனக்குத் தேடினாய். கிடைத்தது பெங்களூரில். குடும்பத்தை ஓரிக்கையில் விட்டுவிட்டுப் போனாய். அடுத்த வருடமே, அங்கே ஒரு வாடகை அறையில், யாரும் பக்கத்தில் இல்லாமல் உன் இதயம் நின்றுவிட்டது.

நான் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. உன் மனைவிதான் எழுந்து வந்தாள். "உங்கள ஒரு நாளும் கொறையா பேசினதில்லண்ணா" என்றாள். ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

'அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு முறையாவது நீ கேட்டிருக்கலாம். அதற்கான பதில் இத்தனை வருடமாக என்னிடமே தங்கிவிட்டது. ஆமாம், சொன்னாய். நான்தான் கேட்கவில்லை.