கூரை ஏறுவதற்கு முன்

கிளிநொச்சி
04.06.2024

அன்பின் சுரேகா,

நேற்று எங்கள் முகாமையாளர் நிரஞ்சன் எல்லோரையும் இருத்தி வாசித்துக் காட்டினார்: வீட்டுத்திட்டத்தில் உதவி பெறும் எவருடனும் ஊழியர் காதலோ உறவோ வைத்திருக்கக் கூடாது. இருந்தால் உடனே அறிவிக்க வேண்டும். மறைத்தால் வேலை போகும். நானும் கையெழுத்து வைத்தேன். என்னோடு வேலை செய்யும் சதீஸ் மட்டும், "அப்ப ஊரிலை ஒருத்தரையும் கட்டேலாது, எல்லாரும் பயனாளிதானே" என்று பகிடி விட்டான்.

பயப்பட வேண்டாம். உமது சுவர் முடிந்தது என்று நான் இந்த மாதம் உறுதிப்படுத்திவிட்டால் கூரைப் பணம் வந்துவிடும். கூரை ஏறியதும் வேலையை விட்டுவிட்டு உம்மைக் கட்டுகிறேன். அதுவரை யார் கேட்டாலும், வீட்டை அளக்க வரும் அலுவலர் என்று மட்டும் சொல்லும்.

அன்புடன்,
ஜெயந்தன்

கண்டாவளை
08.06.2024

அன்புள்ள ஜெயந்தனுக்கு,

போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே கதைப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

யாரிடம் மறைப்பது? நிலை வைத்த அன்று அப்பா எழும்ப முடியாமல் கிடந்தார். வீட்டு ஆம்பிளை பிடிக்க வேண்டிய வாசல் நிலையை நீங்கள் ஓடிவந்து பிடித்தீர்கள். அப்போதே ஊர் முடிவு கட்டிவிட்டது. கிணற்றடியில் சிவனேஸ்வரி அக்கா கேட்கிறா: "என்னடி, மாப்பிள்ளை எப்ப கூரை போடுறாராம்?" நாளைக்கு அதே வாய், மலையகத்திலிருந்து வந்த தோட்டத்துச் சனம் ஆளைப் பிடித்து வீடு கட்டியது என்று சொல்லும். இந்த வீடு திட்டத்தில் எங்களுக்கு உரிமையாக வந்தது.

இன்னொன்று. நீங்கள் என்னிடம் விருப்பம் கேட்டபோது எங்கள் அத்திவாரம் முடிந்தது என்று நீங்கள் இன்னும் உறுதிப்படுத்தியிருக்கவில்லை. எனக்கு விருப்பம்தான், ஓம் என்றேன். விருப்பம் இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியவில்லை.

போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் பஸ் ஏறி வந்து சொல்லுவேன்.

உங்கள்
சுரேகா

கிளிநொச்சி
13.06.2024

அன்பின் சுரேகா,

நிரஞ்சனிடம் நிலை பிடித்ததையும் சேர்த்து எல்லாம் நேரே சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "நிலையைப் பிடிச்ச அண்டைக்கே வந்து சொல்லியிருக்கலாமே ஜெயந்தன்" என்றார்.

இன்று முதல் நான் வேலையில் இல்லை. விசாரணை முடியும்வரை இடைநிறுத்தம். வரும் 20ஆம் திகதி எனக்குப் பதிலாக எங்கள் அலுவலக ராஜினி அக்கா வந்து உமது வீட்டை அத்திவாரத்திலிருந்து திரும்ப அளப்பா. கூரைப் பணத்தை இனி அவாதான் தீர்மானிப்பா. அளக்கட்டும், சுவரில் பிழை இல்லை. இதற்குப் பிறகு உம்மோடு கதைக்கவோ எழுதவோ எனக்கு அனுமதி இல்லை. இந்தக் கடிதத்தையும் நிரஞ்சனுக்குக் காட்டித்தான் அனுப்புகிறேன்.

நீர் கேட்டது சரி. இல்லை என்று சொல்ல நான் உமக்கு இடம் விட்டிருக்கவில்லை. அன்று சொன்ன ஓமை நான் கணக்கில் எடுக்கவில்லை. கூரை ஏறிய பிறகு, உமது வீட்டில் எந்த அதிகாரமும் இல்லாத ஆளாக வந்து கேட்பேன். பதில் எதுவானாலும் கூரை அங்கேதான் இருக்கும்.

என் வேலை பற்றிய முடிவு 28ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. உமது முடிவுக்கு நான் திகதி வைக்கவில்லை.

ஜெயந்தன்