சனிக்கிழமை கொண்டுபோன துணிகள்

நேற்று கொம்யூட்டர் ரயிலில் பெண்கள் பெட்டியில் போய்க்கொண்டிருந்தேன். சுபாங் ஜெயாவில் ஏறிய ஒரு இளம் தாய் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பையின் ஜிப்பைத் திறந்தாள். வெயிலில் காய்ந்த துணியின் வாசமும் சோப்பு வாசமும் வந்தன. அடியில், எவ்வளவு அலசினாலும் போகாத அந்த லேசான மூத்திர வாடையும் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. நீயும் நானும் பதினாறு வருடம் அந்த வாடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள். உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது.

அவளுடைய துணிகள் அழகாக இருந்தன. யானை, மேகம், பழம் என்று படம் போட்டவை. ஊக்கு வேண்டாம், பட்டன் இருக்கிறது. பை வாங்கும்போதே இரண்டு அறையாக வருகிறது, ஒன்று காய்ந்த துணிக்கு, ஒன்று ஈரத்துக்கு. நீ பார்த்திருந்தால், "இதுக்கு எதுக்கு இவ்ளோ அலங்காரம், புள்ள என்ன குனிஞ்சா பாக்கப் போவுது" என்று கேட்டிருப்பாய். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"ஆன்டி, நீங்களும் துணிதான் யூஸ் பண்ணீங்களா?"

"ஆமா. நாங்க லம்பின்னு சொல்வோம்."

"வெளிய போறப்ப கஷ்டம்லா. எது வரைக்கும் போட்டீங்க?"

"பத்தொன்பது" என்றேன்.

நான் சொன்னது வயது. அவள் மாதக் கணக்கு என்று எடுத்துக்கொண்டாள். "பத்தொன்பது மாசமா, ஓகேலா, அப்ப எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அவள் இறங்கிய பிறகு சுங்கை பூலோ வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன். உன் மகள் ஷாமினியைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போகிறேன். ஏன் இரண்டு மாதம் என்று உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியமும் கொஞ்சம் இருக்கிறது.

உன்னை முதலில் பார்த்தது கிள்ளானில், பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் அறையில். என் மகனுக்கு இரண்டரை வயது, நிற்கவில்லை. உன் மகளுக்கு மூன்று வயது, கழுத்தே நிற்கவில்லை. பாயில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். என் மகன் நனைத்துவிட்டான். நான் மாற்றிவிட்டு, ஈரத் துணியைப் பால் பாட்டில் இருந்த பைக்குள்ளேயே திணித்தேன். பெயர்கூடத் தெரியாத நீ குனிந்து பார்த்தாய்.

"பாலையும் மூத்திரத்தையும் ஒண்ணா வெச்சா புள்ளைக்கு எதைக் குடுப்பே?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் நீ உன் பைகளைத் திறந்து காட்டத் தொடங்கிவிட்டாய். சிவப்புப் பையில் காய்ந்த துணி, எடுத்தால் அப்படியே இடுப்பில் சுற்றும்படி மடித்தது. நீலப் பையில் ஈரம். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டது. மலம் என்றால் அங்கேயே கழிவறையில் உதறி, கையோடு கொண்டுபோன பாட்டில் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் நீலத்துக்குள் போகும். "எத்தனை மணி நேரம் வெளிய இருக்கப் போறியோ அத்தனை துணி, அதுக்கு மேல மூணு" என்றாய். அந்த மூன்று எதற்கு என்று கேட்டேன். "பஸ் லேட்டானா ஒண்ணு, ரயில் லேட்டானா ஒண்ணு, டாக்டர் லேட்டானா ஒண்ணு." அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அதற்கு முன் நான் சிரித்ததில்லை.

நான் மாமியார் சொன்னதற்காகத் துணி போட்டவள். உனக்கு வேறு வழியில்லை. கடை டயப்பரைக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் ஷாமினிக்குச் சிவந்துவிடும், மறுநாள் தோல் உரிந்துவிடும். எத்தனையோ வகை மாற்றிப் பார்த்தாய், எல்லாம் அதே கதைதான். அவளுக்கு அழத் தெரியும், எங்கே எரிகிறது என்று சொல்லத் தெரியாது.

என் மகன் நான்கு வயதில் எழுந்து நின்றான். ஐந்தில் ஓடினான். இதை உன்னிடம் சொல்ல இரண்டு வாரம் பயந்தேன். சொன்னபோது நீ அவனைப் பக்கத்தில் இழுத்துக் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "அப்ப ஒன் லம்பின் எல்லாம் சும்மாதானே கெடக்கும், எடுத்திட்டு வா" என்றாய். அவ்வளவுதான். கொண்டுவந்த துணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஷாமினியின் அளவுக்குத் தைத்துக்கொண்டாய். அவன் பள்ளிக்கூடம் போன பிறகும் நான் உன்னோடு அலைந்ததற்கு நட்பு மட்டும் காரணமில்லை. என் பிள்ளை தப்பித்துக்கொண்டான் என்ற கூச்சமும் இருந்தது. உனக்கு அது தெரிந்திருக்கும். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

எங்கேதான் போகவில்லை நாம். பிரிக்பீல்ட்ஸ் கண் டாக்டர், செந்தூலில் உன் தம்பி கல்யாணம், தீபாவளிக்கு முந்திய வாரம் கடைத்தெரு விளக்குகள். ஷாமினிக்கு விளக்கென்றால் போதும், வாயைத் திறந்துகொண்டு பார்ப்பாள். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு பேரங்காடியில் குழந்தைகளுக்குத் துணி மாற்றும் அறைக்குள் போனோம். அங்கிருந்த பலகையில் அவள் கால் பாதிதான் அடங்கும். மழைக்கோட்டைத் தரையில் விரித்து அவளைக் கிடத்தினாய். நான் என் துப்பட்டாவை விரித்துத் திரை பிடித்தேன். காவலாளி ஒருவர் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார், நம் தமிழ் ஆள்தான்.

"அக்கா, இது பேபிக்கு மட்டும்தான்லா."

நீ தலையை நிமிர்த்தவே இல்லை. "என் பேபி கொஞ்சம் லேட்டா வளருது அண்ணே. கதவ மட்டும் சாத்திடுங்க, புள்ளைக்கு வெக்கமா இருக்கும்."

அவர் கதவைச் சாத்தினார். நாம் வெளியே வந்தபோது யாரும் உள்ளே வராமல் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். அன்று ரயிலில்தான் சொன்னாய், "வெளிய கூட்டிட்டுப் போறத நிறுத்திட்டா அவ கட்டில்ல கெடக்கிற பொண்ணாயிடுவா. துணி கையில இருக்கிற வரைக்கும் அவளுக்கும் ஊரு இருக்கு." நான் தலையாட்டினேன். அவளுக்கு ஊர் இருப்பது துணியால் இல்லை, உன்னால் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு உனக்கு வயிற்றில் வந்த நோய். போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு வார்டில் சேர்ந்த நீ திரும்ப வீட்டுக்கு வரவில்லை. ஷாமினியை என் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி நீ என்னிடம் கேட்கவில்லை. நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, எனக்கு முட்டி வலி என்று காரணங்களை அடுக்கலாம். காரணம் அதெல்லாம் இல்லை. எனக்கு மனசு வரவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டு, வேறொன்றைக் கேட்டாய்.

"தம்பி அவள சுங்கை பூலோவுல ஒரு ஹோம்ல சேக்கப் போறான். அங்க எல்லாருக்கும் டயப்பர்தானாம். நீ சனிக்கெழமையில போயி துணி குடுத்திட்டு, அழுக்க எடுத்திட்டு வந்து தொவச்சுப் போடு. வேற ஒண்ணும் வேணாம்."

"சரி" என்றேன்.

"எத்தனை?"

"ஒரு நாளைக்கு ஏழு. வாரத்துக்கு நாப்பத்தொம்பது. அதுக்கு மேல மூணு."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் சரியாகச் சொன்னேன் என்று உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழு மாதம் செய்தேன். போகும்போது இரண்டு தோளிலும் காய்ந்த துணி, வரும்போது ஒரு வாரம் மூடிக் கிடந்த ஈரத் துணி. இல்லத்துப் பெண்கள் அலசிப் போட்டாலும் வாடை பைக்குள் நிற்காது. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "என்னங்க, கருவாடா?" என்று கேட்டார். "ஆமாங்க, நல்ல கருவாடு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துவைப்பேன். மழை நாட்களில் வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயவைப்பேன். மகன் அதற்கடியில் குனிந்து குனிந்து நடப்பான்.

அந்த இல்லத்தை நடத்தும் அம்மா நல்லவர்தான். முப்பது பேருக்குமேல் இருக்கிறார்கள், வேலைக்கு மூன்றே பேர். ஐம்பத்திரண்டு துணி கொண்டுபோனால் நாற்பது திரும்பும், பிறகு முப்பது. தைத்துத் தைத்துப் போட்டேன். ஒரு சனிக்கிழமை, நீ தைத்த நீலப் பூத்துணியால் ஒரு பெண் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கத்திவிட்டேன். அந்த அம்மா என்னை வெளியே அழைத்துப்போய் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"அக்கா, நாங்க மாட்டோம்னு சொல்லல. முடியல. ஒரு புள்ளைக்கு மட்டும் தனியா அலச ஆளு இல்ல. டயப்பரே போட்டுக்கிறோம், சிவந்தா கிரீம் போட்டுப் பாத்துக்கிறோம். நீங்க சரின்னு சொன்னா போதும்."

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் சரி என்று சொன்னேன்.

அன்று வெறும் கையோடு ரயில் ஏறினேன். எனக்கு லேசாக இருந்தது. தோளைச் சொல்லவில்லை, எனக்கே லேசாக இருந்தது. ஏழு மாதமாக எப்போது இப்படி ஒருவர் சொல்வார் என்று நான் காத்திருந்திருக்கிறேன் என்பது கிள்ளானில் இறங்கும்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். அவள் தொடையிடுக்கு சிவந்திருந்தது, கிரீமில் ஆறியது, மறுபடி சிவந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அப்புறம் போகவில்லை.

நேற்று போனபோது கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மெலிந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஏதாவது வந்ததா என்றால், வரவில்லை. நனைந்திருந்தாள். வேலைக்காரப் பெண் டயப்பரும் கையுறையுமாக வந்தபோது, "நான் மாத்திவிடறேன்" என்று சொல்லி அவளருகே போய்க் குனிந்தேன்.

அப்போதுதான் அது நெஞ்சில் வந்து இடித்தது. துணியை அடியில் செருகுவதற்கு முன் நீ அவள் காதருகே "தூக்கும்மா" என்பாய். அவள் குதிகாலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இடுப்பை இரண்டு விரல் உயரம் தூக்குவாள். அதைப் பழக்க உனக்கு ஆறு வருடம் பிடித்தது. அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்டது அந்த ஒன்றில்தான். தூக்கிவிட்டு, பார்த்தாயா என்பதுபோல் உன்னைப் பார்ப்பாள்.

நான் அந்தச் சொல்லை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு துணியை எண்ணி எண்ணிக் கொடுத்தேன். எப்படி மடிப்பது, எப்படி அலசுவது என்று சொன்னேன். இதைச் சொல்லத் தோன்றவே இல்லை. வாரா வாரம் போய்ப் பையை மாற்றிக்கொண்டு வந்தேனே தவிர, ஒரு நாளும் நானே அவளுக்கு மாற்றிவிடவில்லை. நீ போனதிலிருந்து யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

"தூக்கும்மா" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தை என் பக்கம் திருப்பி, உன் குரல் மாதிரி தணித்து, இன்னொரு தடவை சொன்னேன். குதிகாலைப் பிடித்து மெத்தையில் ஊன்றி வைத்துவிட்டுச் சொன்னேன். கையை எடுத்ததும் கால் சரிந்துவிட்டது.

"என்ன அக்கா செய்யறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"சொன்னா இடுப்பத் தூக்குவா."

"இவளா? இல்லக்கா, வந்ததுலேருந்து இப்படித்தான் இருக்கா. பொரட்டித்தான் மாத்தணும்." கோபமில்லாமல்தான் சொன்னாள். அடுத்த கட்டில்களும் காத்திருந்தன. நான் நகர்ந்து இடம் விட்டேன்.

இன்று காலை துவைத்த துணி இருந்த வாளியைத் தூக்கும்போது என்னையறியாமல் வாயில் "தூக்கும்மா" என்று வந்துவிட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிவந்த மகன் வாசலில் நின்று, "யாரைம்மா தூக்கச் சொல்றீங்க?" என்று கேட்டான். யாரையும் இல்லை என்றேன்.