தொட்டிக்குப் பின்னால் இருந்த நட்சத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

உடம்புன்னு பார்த்தா இங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், மத்ததைக் கீழே எழுதுறேன். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருப்பேன்னு நினைச்சுக்கறேன். அப்பா உன் போனை எடுத்து பத்தொன்பது நாள் ஆச்சு. குளிக்கிறாரு, தூங்குறாருன்னு நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு இருந்தேன். அதெல்லாம் பொய். போன்ல பேசினா அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரு, அதான் கடிதம்.

நீ காலேஜ்ல படிக்கும்போது காட்டிக்கொடுத்தியே, பெரிய நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு சாண் தள்ளி மங்கலா ஒரு வெள்ளைப் புள்ளி, நல்ல கண்ணு இருந்தா கண்ணாடிக் கருவி எதுவும் வேண்டாம், சும்மாவே தெரியும்னு. அதைத்தான் அப்பா தன் கண் டாக்டரா வச்சிருந்தாரு. ஒவ்வொரு வருஷமும் இந்த மாசங்கள்ல காலைல அஞ்சு மணிக்கு மாடியில நின்னு டீ குடிச்சுக்கிட்டே விரலை நீட்டி, அதோ இருக்குன்னு சொல்லுவாரு, சொல்லிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கிளம்புவாரு. கிரேன் ஓட்டுறவருக்கு அது போதும்னு நானும் விட்டுட்டேன். போன மாசம் பக்கத்து வீட்டுத் தச்சர் தன் மாடியில கறுப்புத் தண்ணித் தொட்டி ஒண்ணை ஏத்தி வச்சாரு. மறுநாள் காலைல பெரிய நட்சத்திரம் தொட்டிக்கு மேல தெரியுது, அப்பா வழக்கம்போல அதுக்குக் கீழே விரலை நீட்டி, அதோ இருக்குன்னாரு. நான் பின்னாடி நின்னு விரலோட நேருக்குப் பார்த்தேன். தொட்டிதான் இருந்துச்சு. எத்தனை நாளா இப்படிப் பழக்கத்துல சொல்லிட்டு இருக்காரோ தெரியல, தொட்டி வந்ததே அவருக்குத் தெரியல.

ரெண்டு நாள் நான் வாயைத் திறக்கல. ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாசம்தானே, ஓட்டிடுவாருன்னு ஒரு அசட்டு நினைப்பு. ஆனா கீழே கொக்கி மாட்டுறவங்க நிக்கிறாங்களே, அவங்களுக்கும் வீட்டுல யாரோ காத்துட்டுத்தானே இருப்பாங்க. அவர்கிட்டயே சொன்னா உனக்கென்ன தெரியும்னு எகிறுவாரு. மூணாம் நாள் அவர் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நானே துறைமுகத்துக்குப் போய் சூப்பர்வைசரைப் பார்த்துச் சொல்லிட்டேன், என் பேர் வரவேண்டாம்னும் கேட்டுக்கிட்டேன். அன்னிக்கே கண்ணைச் சோதிச்சாங்க. இடது கண்ணுல நரம்பு கெட்டுப்போச்சாம், இனி திரும்பாதாம். வலது கண்ணுல புரை, அடுத்த மாசம் எடுத்துடலாமாம். கிரேன்லேர்ந்து இறக்கி சாமான் அறையில உட்கார வச்சுட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழட்டாம, உன் பொண்ணுதான் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கான்னு கத்தினாரு. அப்பதான் விஷயமே எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் புள்ளி மங்கிட்டே வருதே, நட்சத்திரம் அணையுமான்னு உன்கிட்ட கேட்டாராமே. அது சூரியன் மாதிரிதான்ப்பா, சூடு கொஞ்சம் அதிகம், அதான் வெள்ளை, நடு வயசுல ஒழுங்கா எரிஞ்சுட்டு இருக்கு, இன்னும் கோடிக்கணக்கான வருஷத்துக்கு மங்காது, நீங்க கண்ணைக் காட்டுங்கன்னு நீ சொன்னியாம். அவர் ரகசியம் உனக்கு மட்டும்தான் தெரியும்னு அவர் கணக்கு.

நான்தான்னு அந்த நிமிஷமே சொல்லியிருக்கணும். சொல்லல. கோபம் உன்மேல, தூரத்துல இருக்கவமேல இருந்தா வீட்டுல சோறு இறங்கும்னு நினைச்சேன். நல்லாத்தான் இறங்குச்சு, என்கிட்ட சிரிச்சுக்கூடப் பேசுறாரு. நீ கூப்பிடும்போதெல்லாம் போனைக் கவுத்துப் போட்டுட்டு, அது அடிச்சு ஓயுற வரைக்கும் அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு. அதைப் பார்க்க எனக்குத் தாங்கலடி.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில போட்டுட்டு நேரா வந்து அவர்கிட்ட சொல்லப்போறேன். முதல்ல போட்டுடறேன், அப்பத்தான் நான் பின்வாங்க முடியாது. இது உன் கைக்கு வர்றதுக்குள்ள அவரே கூப்பிட்டிருப்பாரு. இனி அவர்கிட்ட பேசும்போது, என்மேல அவருக்கு இருக்கிற கோபத்தை மாத்தப் பார்க்காதே, அது அவருக்கு உரியது.

எந்தக் குறையும் இல்லாம நூறு வருஷம் நல்லா இரு. குளிர்ல தலை ஈரத்தோட வெளியே போகாதே. உன் கண்ணையும் ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடு, இந்த நரம்புக் கோளாறு பிள்ளைங்களுக்கும் வருமாம்.

இப்படிக்கு,
போட்டுக்கொடுத்த உன் அம்மா