டாக்டர் விளையாட்டு

மானாம்பதி
4.8.2024

அன்புள்ள சுகிக்கு,

நலமா? போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். நம் பள்ளியின் பவள விழா மலருக்கு நம் சின்ன வயதைப் பற்றி எழுதியிருக்கிறேன். விழாத் தலைவர் அப்பாதான், என்னை விடவில்லை.

எங்கள் களத்தில் நீங்கள் விதைக்கடலை உடைத்துவிட்டுக் கிளம்பும்போது டாக்டர் விளையாட்டு விளையாடுவோமே, நினைவிருக்கிறதா? நான்தான் டாக்டர். நீ, உன் தம்பி சாம்சன், எல்லோரும் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டுவீர்கள். படித்துவிட்டு என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் இருவர் பெயரையும் போட்டிருக்கிறேன். சரி என்று ஒரு வரி எழுது. கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்துவிடாதே.

உன் இளமதி

தாமல்
11.8.2024

அன்புள்ள இளமதி,

படித்தேன்.

அது விளையாட்டு இல்லை. உடைக்கிற கடலையைத் தின்றுவிட்டோமா என்று பார்க்கத்தான் உன் அப்பா உன்னை நிற்கவைத்தார். பெரியவர்கள் வாயை அவரே பார்ப்பார், பிள்ளைகள் வாய்க்கு நீ. ஒரு நாள் சாம்சன் பல்லிடுக்கில் கடலைத் தோலைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவன் வாயில கீது" என்று நீதான் கத்தினாய். அவனுக்கு ஆறு வயது. எங்கள் அம்மாவைப் பார்த்து எல்லோர் முன்னாலும், "திருடனப் பெத்துக்கீற" என்றார் உன் அப்பா. இன்றைக்கும் சாம்சன் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறான். ஏன் என்று அவன் மனைவிக்குக்கூடத் தெரியாது.

நீயும் அப்போது சின்னப் பிள்ளை. உன்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பத்தியை எடுத்துவிடாதே. நடந்ததை நடந்தபடி எழுது, எங்கள் பெயரும் இருக்கட்டும். சாம்சனையும் கேட்டேன். "எய்தட்டும்க்கா" என்றான்.

உன் சுகி

மானாம்பதி
20.8.2024

அன்புள்ள சுகி,

அழுதுவிட்டேன். எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. வாய் பார்த்து முடித்ததும் அப்பா எனக்கு ஒரு கை வறுத்த கடலை கொடுப்பார். அதில் பாதியை உனக்குத் தருவேன். அதைத்தான் இத்தனை வருஷமாக நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிக்கினு கீறான்" என்றார். எண்பத்திரண்டு வயதில் அவரை எப்படி மேடையில் தலைகுனிய வைப்பேன், சொல்லு? அந்தப் பத்தியையே எடுத்துவிட்டு, ஏரியில் மீன் பிடித்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். யாருக்கும் சங்கடம் இல்லை. விழாவுக்குச் சாம்சனையும் அழைத்துக்கொண்டு வா.

உன் இளமதி

தாமல்
15.9.2024

இளமதி அவர்களுக்கு,

மலர் கிடைத்தது. விழாவுக்கு நாங்கள் வரவில்லை. இனிமேல் கடிதமும் வேண்டாம்.

சாம்சன் உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தான். "இதுல நாம எங்கக்கா கீறோம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். கையால் வாயை மூடிக்கொண்டுதான்.

டே. சுகிர்தா