மகாராணி அக்கா அரைத்த சந்தனம்

பிப்ரவரி 2, புதன்

ஏலக்காய் ஸ்டோர் சுவரில் புதுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். காய்ச்சல், இருமல், மணம் தெரியாமை, இதில் எது இருந்தாலும் வேலைக்கு வரக் கூடாது. உடனே சூப்பர்வைசருக்குப் போன் செய்ய வேண்டும். யார் யாருடன் நெருக்கமாக இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். கொரோனா சோதனை அரசு ஆஸ்பத்திரியில், காலை ஒன்பது மணியிலிருந்து.

சூப்பர்வைசர் கற்பகம் அக்கா சத்தமாக வாசித்தார். "மணம் தெரியாமை" என்றதும் பன்னிரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஏலக்காய் பொறுக்குகிற எங்களுக்கு மூக்கு எங்கே இருக்கிறது? பஸ்ஸில் ஏறினாலே பக்கத்துச் சீட்டுக்காரி, "ஏலக்கா ஸ்டோரா?" என்று கேட்பாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சேர்ந்த மூன்றாம் மாதமே அந்த மணம் மூக்குக்குப் பழகிப் போய்விடும்.

"அப்ப நாம பதினஞ்சு வருசமா நோயாளிகதான்" என்றேன். பக்கத்தில் இருந்த ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். நாளையோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறாள்.

பிப்ரவரி 4, வெள்ளி

ஜோதிக்கு வளைகாப்பு. தாய் இல்லாத பிள்ளை. மாமியார் மகாராணி அக்காதான் முன்னின்று நடத்தினார். ஸ்டோர்ப் பெண்கள் எல்லோரும் போயிருந்தோம். போட்டோவுக்கு இடைஞ்சல் என்று மாஸ்க்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜோதியின் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசி, வளையல் போட்டு, புளியோதரையை என் கையால் ஊட்டினேன்.

சந்தனத்தில் மணமே இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? ஜோதி காதில், "ஒங்க மாமியா பேருதான் மகாராணி. சந்தனம் பத்து ரூவா பாக்கெட்டு" என்றேன். பின்னால் மகாராணி அக்கா தாம்பாளத்துடன் நின்றிருந்தார். முகம் சுண்டிப் போனது.

புளியோதரையும் சப்பென்றுதான் இருந்தது. அதையாவது சொல்லாமல் விட்டேனே.

பிப்ரவரி 5, சனி

தலை பாரம், உடம்பெல்லாம் அசதி. அலைச்சல்தான். ஸ்டோருக்குப் போகவில்லை.

பிப்ரவரி 6, ஞாயிறு

கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "ஏ ஈஸ்வரி, தெருவே நாறுது, அடுப்ப அமத்துடி!" சட்டியில் கருவாடு கரிக்கட்டை. நான் பக்கத்திலேயே நிற்கிறேன்!

காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். இல்லை. பெருங்காயம், தலைவலித் தைலம், பினாயில்... எதுவும் இல்லை. ஏலக்காய் மணம் தெரியாதுதான். பினாயில் கூடவா தெரியாது?

அப்புறம்தான் சந்தனம் ஞாபகம் வந்தது. ஐயோ. மணம் இல்லாதது சந்தனத்துக்கா, எனக்கா?

ஜோதி வாயில் சோறு வைத்தது இந்தக் கைதானே.

பிப்ரவரி 7, திங்கள்

சொல்லாமல் இருந்துவிட்டால்? காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. என் மூக்கு போனது எனக்கும் கருவாட்டுக்கும்தான் தெரியும். சொன்னால் ஸ்டோரை மூடுவார்கள். பத்துப் பேர் என் தலையை உருட்டுவார்கள். சொல்லாவிட்டால், ஜோதிக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

கற்பகம் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் திட்டவே இல்லை. "மூக்கு போனது என்னைக்கிருந்து? வெள்ளியா, அதுக்கு முந்தியா? யார் யாருக்கு ஊட்டுன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "நீ வெரசா ஆஸ்பத்திரிக்குப் போ. மத்தவளுகள நான் பாத்துக்கிறேன். ஒம் பேர எடுக்க மாட்டேன்."

"ஜோதிக்கு மட்டும் நானே சொல்றேன்க்கா" என்றேன்.

ஜோதி போனை எடுத்தது மகாராணி அக்கா. எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தைப் பற்றியும் சொன்னேன். "சோதன எங்க எடுக்காக?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார்.

முதலில் தனியார் லேப்புக்குப் போனேன், பூட்டு. காகிதத்தில் இருந்தபடி நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அங்கே கர்ப்பிணிகளுக்குத் தனி வரிசை. அதைப் பார்த்ததும் ஜோதி நிற்க வேண்டியதில்லை என்று பாதி உயிர் வந்தது. மூக்கில் குச்சி விட்டபோது கண்ணில் தண்ணீர். குச்சிக்காக மட்டும் இல்லை.

பிப்ரவரி 8, செவ்வாய்

பாசிட்டிவ். வீட்டுக்காரருக்கு நெகட்டிவ். அவர் ஜீப்பில் படுக்கிறார். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, "கருவாடு இல்ல, பயப்படாம தின்னு" என்கிறார்.

பிப்ரவரி 9, புதன்

ஜோதிக்கு இன்று சோதனை எடுத்திருக்கிறார்கள். சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோய் திரும்ப முதலிலிருந்து.

பிப்ரவரி 10, வியாழன்

நெகட்டிவ்! ஜோதியே போன் செய்தாள். "ஈஸ்வரியக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்ச நாளு தனியா இருக்கச் சொன்னாக, அவ்வளவுதான். நீ அழுவாத" என்றாள். நான் எங்கே அழுதேன்? சரி, அழுதேன். ஸ்டோரில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது, இருவருக்கும் லேசாகத்தான். ஸ்டோரை மூன்று நாள்தான் மூடினார்கள். என் தலையை யாரும் உருட்டவில்லை.

பிப்ரவரி 17, வியாழன்

வேலைக்குப் போனேன். சுவர்க் காகிதத்துக்குக் கீழே கற்பகம் அக்கா கையால் எழுதிய ஒரு வரி: "ஏலக்காயை நம்ப வேண்டாம். வீட்டில் காப்பித்தூளை முகர்ந்து பார்த்துவிட்டு வரவும்." வாசலிலும் ஒரு காப்பித்தூள் டப்பா, மறந்து வருகிறவர்களுக்கு. கருவாடு வைக்கலாமே என்றேன். "காயெல்லாம் கருவாடு நாறும்டி, சீமையில எவன் வாங்குவான்?" என்று விரட்டினார்.

எனக்குக் காப்பி இன்னும் தூரத்தில்தான் மணக்கிறது.

பிப்ரவரி 27, ஞாயிறு

ஜோதிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். மூன்று கிலோ!

மார்ச் 14, திங்கள்

தொட்டில் போட்டார்கள். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது, வாசலிலேயே நின்றேன். மகாராணி அக்கா சந்தனக் கிண்ணத்துடன் வந்தார்.

"இந்தா ஈஸ்வரி, பிள்ளைக்கு நீ மொதல்ல வையி. அன்னைக்கு வச்ச அதே கட்டைதான். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு அரைச்சேன், அன்னைக்கும் இன்னைக்கும்."

விரலால் தொட்டு எடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்குள்ளேயே வந்துவிட்டது மணம். அசல் சந்தனம். குழந்தை நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன்.

"மணக்குதா?" என்றார் மகாராணி அக்கா.

"மணக்குதுக்கா."

இரண்டு வருடமாக எதைத் தொட்டாலும் கை கழுவினேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாகிறது, இன்னும் கழுவவில்லை.